நல்லது சொன்னால்தான் மெஷின் ஓடும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஹைதராபாத் ஜீடிமெட்லா தொழிற்பேட்டையில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் நான் காலை ஷிப்ட் பொறுப்பாளராக இருந்தபோது நடந்தது இது. கம்பெனியின் பெயர் வேண்டாம். இதில் வருகிறவர்களின் பெயரும் வேண்டாம். என் பெயரைச் சொல்லிக்கொள்ளவே எனக்குக் கூச்சமாக இருக்கும்போது அவர்கள் பெயரை இழுப்பானேன்?

அப்பா ரயில்வேயில் ஃபிட்டர். சொந்த ஊர் அரக்கோணம் பக்கம் என்றாலும் நான் பிறந்து வளர்ந்தது செகந்திராபாத் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில். படிப்பு பத்தாவதோடு நின்றுவிட்டது. தமிழை நானாகத்தான் கற்றுக்கொண்டேன், ஸ்டேஷன் கடையில் வாங்கிய வாரப் பத்திரிகைகளை எழுத்துக் கூட்டிப் படித்து. பேச்சு என்றால் எனக்கு உயிர். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் இறங்குவதற்குள் அவர் வீட்டு விஷயம் பாதி எனக்குத் தெரிந்திருக்கும். ஜனங்கள் போகிறபோக்கில் சொல்கிற வார்த்தைகளை எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கமும் உண்டு. எங்கள் தெருவில் கீரை விற்கிற அம்மா ஒருநாள், "பத்து மணிக்குள்ள விக்கலைன்னா கீரை வாடாது சாமி, நான்தான் வாடுவேன்" என்றாள். வீட்டுக்கு வந்ததும் அதை எழுதிவிட்டுத்தான் சட்டையைக் கழற்றினேன்.

இந்தக் கம்பெனிக்கு வருவதற்கு முன் நான் பதினாறு வருடம் வேலை பார்த்த இடத்தை ஒரே நாளில் பூட்டிவிட்டார்கள். எட்டு மாதம் வீட்டில் கிடந்தேன். சுவரைப் பார்த்துப் படுத்தால் சாயங்காலம்வரை அப்படியே. பேசிப் பேசியே பொழுதைப் போக்கியவன், வீட்டில் கூப்பிட்டால்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அதிலிருந்து என்னை எழுப்பி உட்கார வைத்தவை சின்னச் சின்ன காரியங்கள்தான். காலையில் எழுந்து வாசலில் இருக்கிற நாலு தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவது. ரயில்வே மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவது. படுக்கும் முன், அன்று நடந்ததில் நல்லது என்று ஒன்றை மகளின் பழைய நோட்டில் எழுதுவது. யாரும் சொல்லிக்கொடுத்து இதைச் செய்யவில்லை. மெல்ல மெல்ல மனம் நிமிர்ந்தது. அந்த நோட்டுக் கதையை அதன்பிறகு நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. சொல்லும்போதெல்லாம் எதிராளியின் முகம் கொஞ்சம் மலரும். எனக்கு அது பிடித்துப் போய்விட்டது.

புதுக் கம்பெனியில் ஷிப்ட் தொடங்கும்முன் ஐந்து நிமிடம் எல்லோரும் வட்டமாக நிற்க வேண்டும். அதற்கென்று ஒரு தாள் உண்டு. பொறுப்பாளர் கேட்க வேண்டிய கேள்வி அதில் அச்சாகியிருக்கும்: யாருக்காவது உடம்பு சரியில்லையா, தூக்கம் இல்லையா, மனசு சரியில்லையா? எப்போதாவது ஒருவர் தலைசுற்றல் என்று கை தூக்குவார். அன்று அவருக்கு மெஷின் கிடையாது. லேபிள் சரிபார்க்கிற மேசையில் உட்கார்ந்து வேலை செய்யலாம். மற்றபடி தினமும் பன்னிரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். காலங்கார்த்தால ஆறு மணிக்கு இப்படி ஒரு அழுமூஞ்சிக் கேள்வி எதற்கு என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

ஒருநாள் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு வேறொன்று கேட்டேன். "நேத்து நடந்த ஒரு நல்ல விஷயம் சொல்லுங்க."

முதல் இரண்டு நாள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் பேக்கிங்கில் இருந்த ஒரு தெலுங்கு அம்மா, "நேத்து எங்க மாமியார் ஊருக்குப் போய்ட்டாங்க அன்னா, இதைவிட நல்லது வேணுமா?" என்றாள். வட்டமே குலுங்கிவிட்டது. பிறகு பிடித்துக்கொண்டது. குழாயில் ஒன்றரை மணி நேரம் தண்ணீர் வந்தது, பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, மகன் கணக்கில் தேறிவிட்டான் என்று ஆளாளுக்கு ஒன்று. ஒரு நோட்டு வாங்கி, தேதி போட்டு, பெயர் போட்டு, அவர்கள் சொல்கிறதை எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் எழுத ஆரம்பித்தேன். அச்சடித்த தாளில் 'கேட்கப்பட்டது' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் மட்டும் தினமும் டிக் போட்டுவிடுவேன்.

நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஷிப்டில் சண்டை குறைந்தது. பாதுகாப்பு அதிகாரி வந்து பார்த்துவிட்டு முதுகில் தட்டிக்கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நானே ஒரு சட்டமும் போட்டேன்: நல்லது சொல்லாதவர் மெஷினைத் தொடக் கூடாது. யாராவது முழித்தால் மற்றவர்கள், "சொல்லு சொல்லு, நீ சொன்னாத்தான் மெஷின் ஓடும்" என்று கிண்டல் செய்வார்கள். அவரும் எதையாவது சொல்லித் தப்பித்துக்கொள்வார்.

அந்த ஷிப்டில் என்னைத் தவிர இன்னொரு தமிழன் உண்டு. முப்பத்தைந்து வயதிருக்கும். அவர்கள் குடும்பம் செகந்திராபாத்துக்கு வந்து நாலு தலைமுறை ஆகிறது. தெலுங்கு மீடியத்தில் படித்தவன். அவன் தமிழில் பாதி ஹைதராபாத் ஹிந்திதான்; ஆமாம் என்பதற்கு 'ஹவ்', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்பான். குடியிருந்தது மெட்டுகுடாவில், நான் வளர்ந்த குவார்ட்டர்ஸுக்குப் பின்சந்தில். அதனாலேயே என்னிடம் ஒட்டிக்கொண்டான். மாத்திரையை அலுமினியத் தாளுக்குள் வைத்து அழுத்தி, அட்டை அட்டையாக வெட்டித் தள்ளுகிற மெஷினில் அவனைப்போலக் கை சுத்தமான ஆள் கிடையாது.

கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து அவன் மனைவி உண்டாகியிருந்தாள். இந்தச் செய்தியை அவன் முதலில் சொன்னதே எங்கள் வட்டத்தில்தான். கைதட்டல் அடங்க ஐந்து நிமிடம் ஆனது. அதிலிருந்து அவன் முறை வந்தால் பாப்பா கதைதான். அந்தத் தெலுங்கு அம்மாவுக்கு அதைக் கேட்டால்தான் பொழுது விடியும். "ஏம்ப்பா, உன் பாப்பா என்ன சொல்லுது இன்னைக்கு?" என்று அவன் முறைக்கு முன்பே ஆரம்பித்துவிடுவாள்.

ஏழாம் மாதத்தில் ஒருநாள் அவன் வரவில்லை. வீட்டில் ஒரு வேலை என்று ஆபீசுக்குப் போன் செய்து நாலு நாள் லீவு எடுத்திருந்தான். திரும்பி வந்த அன்று மற்றவர்களுக்கு முன்பே வந்து, உடை மாற்றுகிற அறையில் என் லாக்கர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"அண்ணா, ரெண்டு நிமிஷம். ஒரு விஷயம்."

எனக்கு அன்று ஒரு அவசர ஆர்டர். அதுகூடக் காரணமில்லை. ஏதோ நல்ல சேதி, எல்லோருக்கும் முன்னால் கேட்டால்தான் ருசி என்று நினைத்தேன்.

"என்கிட்ட தனியா என்னடா? வட்டத்துல சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்."

"இல்லண்ணா, அது..."

"வட்டத்துல, வட்டத்துல" என்று சொல்லிக்கொண்டே தொப்பியை மாட்டினேன்.

எங்கள் வேலையில் தலைக்குத் தொப்பி, வாய்க்கு மாஸ்க், கழுத்துவரை வெள்ளை அங்கி. கண் மட்டும்தான் வெளியே தெரியும். வட்டத்தில் நின்றோம். அவன் முறை வந்தது. பேசவில்லை.

"என்னடா, நாலு நாள் லீவு போட்டுட்டு ஒரு நல்லதுகூடவா கிடைக்கல? நீ சொல்லாம லைன் ஓடாது பாத்துக்க" என்றேன் நான்.

"பாப்பா என்ன சொல்லுதுப்பா?" என்றாள் அந்த அம்மா.

பதினோரு ஜோடிக் கண்கள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவன் மாஸ்க் இரண்டு தடவை உள்ளே போய் வெளியே வந்தது.

"உதைச்சுதுண்ணா" என்றான். "நல்லா உதைச்சுது."

எல்லோரும் கைதட்டினார்கள். நான் குனிந்து நோட்டில் எழுதினேன்.

அன்றைக்கும் சேர்த்துப் பதினோரு வேலை நாள். தினமும் அவன் முறை வந்தது, தினமும் ஒன்று சொன்னான். பாட்டுப் போட்டால் பாப்பா அசைகிறது என்றான். தொட்டில் பார்த்துவிட்டு வந்தோம் என்றான். நான் எழுதிக்கொண்டே போனேன்.

பதினோராம் நாள் காலை பதினோரு மணி இருக்கும். நான் லைனின் அந்தக் கோடியில் அட்டைப்பெட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அலுமினியத் தாள் சில சமயம் சுருண்டு வெட்டுக்கத்திக்குப் பக்கத்தில் மாட்டிக்கொள்ளும். சிவப்புப் பட்டனை அமுக்கி, மெஷின் முழுக்க நின்ற பிறகுதான் கை வைக்க வேண்டும். அவனே புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. அன்று அவன் பட்டனை அமுக்கவில்லை. பக்கவாட்டுச் சந்து வழியாகக் கையை விட்டான். அவன் கத்தவில்லை. அந்தத் தெலுங்கு அம்மா கத்தின சத்தத்தில்தான் ஓடினேன்.

வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

கம்பெனி வேனில் அவனைத் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போனேன். வழியில் ஒரே ஒரு தடவை பேசினான். "அண்ணா, வீட்ல இப்ப சொல்ல நக்கோண்ணா. அவ தாங்க மாட்டா."

"தெரியும்டா. புள்ளத்தாச்சிப் பொண்ணு. நான் பக்குவமா சொல்லிக்கறேன்" என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். ஏதோ சொல்ல வருகிற மாதிரி இருந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டான். வலி என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். பாதுகாப்பு அதிகாரி அச்சுத் தாளை எடுத்து வைத்து முதல் கேள்வியையே என்னிடம் கேட்டார். அன்று காலை, தாளில் உள்ளபடி, மனசு சரியில்லாதவர் உண்டா என்று கேட்டீர்களா?

இங்கேதான் நான் உங்களிடம் எதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எட்டு மாதமாக நான் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. இல்லை என்று சொன்னால் பொய் டிக் போட்டவன் என்று என்னை வெளியே அனுப்புவார்கள். எனக்கு ஐம்பத்தைந்து வயது. ஏற்கெனவே ஒரு தடவை எட்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்தவன். அந்தச் சுவர் ஒரு நொடி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"கேட்டேன் சார்" என்றேன். சும்மா இருந்திருக்கலாம். என் நோட்டையும் எடுத்து அவர்கள் முன்னால் நகர்த்தினேன்.

விபத்து நடந்த தேதிக்கு நேராக அவன் பெயர். பக்கத்தில் என் கையெழுத்தில்: பாப்பா நேற்று நன்றாக உதைத்தது, மிகவும் சந்தோஷம். 'மிகவும் சந்தோஷம்' அவன் சொன்னதில்லை. அது நானாகச் சேர்த்தது. வாக்கியம் மொட்டையாக இருக்கிறதே என்று அப்படிச் சேர்ப்பது என் வழக்கம்.

மனிதவள அதிகாரி அதைச் சத்தமாகப் படித்தார். முந்தின பக்கங்களையும் புரட்டினார். ஆள் நல்ல மனநிலையில்தான் இருந்திருக்கிறான், அப்படியானால் வெறும் அஜாக்கிரதை என்றார். மனசு சரியில்லாமல் இருந்தவனை மெஷினில் நிறுத்தினார்கள் என்றால், விரல் போன பிறகும் கம்பெனி அவனுக்கு வேறு வேலை போட்டுக் கொடுத்திருக்க வேண்டும். அஜாக்கிரதை என்றால் வேண்டாம். அவன் ஒப்பந்தத் தொழிலாளி. ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே தாளை நீட்டி, இடதுகைக் கட்டைவிரலில் மை தடவி ரேகை வாங்கிக்கொண்டார்கள். அதோடு அவன் வேலை போயிற்று.

அவனுக்குச் சொல்வதற்கு ஒன்றுமில்லையா என்று அதிகாரியிடம் கேட்டேன். நோட்டைக் காட்டினோம், வாயே திறக்கவில்லை என்றார்.

விபத்து நடந்து பத்து நாள் கழித்து அவன் வீட்டுக்குப் போனேன். போகும் வழியில் ஆறு மாதுளம்பழமும், அவன் மனைவிக்கு என்று சின்ன டப்பாவில் குங்குமப்பூவும் வாங்கிக்கொண்டேன். அவன் கட்டு மாற்றுவதற்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். கதவைத் திறந்தது அவன் மனைவி. நான் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, வழக்கம்போல என் வாயை முதலில் திறந்தேன்.

"உடம்பு எப்படிம்மா இருக்கு? எட்டு நடக்குதா? பாப்பா என்ன சொல்லுது?"

நிமிர்ந்து பார்த்தேன். பார்த்ததும் புரிந்துவிட்டது. ஆனாலும் அவள் சொல்லி முடிக்கிறவரை நின்று கேட்க வேண்டியிருந்தது.

"அவரு சொல்லலீங்களாண்ணா?" என்றாள். "வயித்துலயே செத்துப் போச்சு. இன்னையோட இருபத்தேழு நாள். பொண்ணு."

இருபத்தேழு நாள். நான் வாசற்படியிலேயே உட்கார்ந்து மனசுக்குள் எண்ணினேன். அந்த நாலு நாள் லீவு. லாக்கர் பக்கத்தில் நின்ற இரண்டு நிமிடம். பதினோரு கைதட்டல்.

அவள் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு பேசினாள். குரலில் கோபம் இல்லை. "எங்கிட்ட வந்து சொன்னாரு. அங்க எல்லார்கிட்டயும் பாப்பா இருக்குதுன்னே சொல்லி வச்சிருக்கேன்னு. கைக்குங்க, எதுக்கு இப்படின்னு கேட்டேன். அங்க அழுவ முடியாதுடி, நான் அழுதா மெஷின் நின்னுடும்னாரு. இன்னைக்கி சொல்லிடறேன், நாளைக்கி சொல்லிடறேன்னு தினம் காலைல போவாரு. சாயந்தரம் வந்து, இன்னைக்கும் கை தட்டிட்டாங்கடின்னு சொல்லிட்டு மூஞ்சக் கழுவப் போயிடுவாரு."

"கம்பெனில கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாமேம்மா."

"என்னன்னு சொல்றது? நோட்ட எடுத்துக் காட்றாங்களாமே. நான் தினம் பொய் சொன்னேன் சார்னு சொல்றதா?"

நான் கிளம்பும்போது பழத்தை வைத்துக்கொண்டாள். குங்குமப்பூ டப்பாவை மட்டும் என் கையில் திருப்பி வைத்தாள். "இது எதுக்குண்ணா எனக்கு?"

வீட்டில் என் மனைவி அந்த டப்பாவைப் பார்த்து என்னவென்று கேட்டாள். சொன்னேன். "பஸ்ல வர்றவன் போறவன் கதையெல்லாம் கேட்டுட்டு வர்றீங்களே, இது ஒண்ணு உங்க காதுல விழலையா?" என்றாள்.

அன்று பரண்மேல் கிடந்த என் பழைய நோட்டை எடுத்துப் புரட்டினேன். என்னைத் தூக்கி நிறுத்தியது என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த நோட்டு. முதல் மூன்று மாதத்துப் பக்கங்களில் பாதிக்குமேல் ஒரே வார்த்தைதான் இருந்தது. 'ஒன்றுமில்லை.' தேதி, அடியில் ஒன்றுமில்லை. அடுத்த நாள், ஒன்றுமில்லை. ஒரு பக்கத்தில் பேனா கிழித்திருந்தது. இதை எப்படி மறந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. கதையாகச் சொல்லத் தொடங்கியபோது அந்தப் பக்கங்களை விட்டுவிட்டேன் போலிருக்கிறது. கேட்கிறவர் முகம் மலர வேண்டுமே! எனக்கு நானே ஒன்றுமில்லை என்று எழுதிக்கொள்ள இடம் இருந்தது. மற்ற பன்னிரண்டு பேருக்கு நான் அதைக் கொடுக்கவில்லை.

மறுநாள் பாதுகாப்பு அதிகாரியிடம் போய்க் குழந்தை விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனிதர்தான். உச்சுக் கொட்டினார். பிறகு ஹிந்தியில் மெதுவாகக் கேட்டார்: "கேட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அதை மாற்றுகிறீர்களா?"

அந்த அறையில் சுவர்க்கடிகாரம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்தேன்.

"இல்ல சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

இரண்டு மாதத்தில் என் நோட்டைப்போலவே ஒன்றைக் கம்பெனி எல்லாப் பிரிவுக்கும் அச்சடித்தது. அட்டையில் சூரியன் உதிக்கிற படம். அதை எப்படி நடத்துவது என்று பேச என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். அரை மணி நேரம் பேசினேன். தொட்டிச் செடி, மைதானம், நோட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கைதட்டினார்கள். அன்று சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதினால் உங்களுக்கு என்மேல் கொஞ்சம் இரக்கம் வரும். உண்மையில் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஒரு வருடம் கழித்து, செகந்திராபாத்தில் ஒரு பெரிய துணிக்கடையின் வண்டி நிறுத்துமிடத்தில் அவனைப் பார்த்தேன். இடது கையால் டோக்கன் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். பார்க்காத மாதிரி போய்விடலாம் என்று திரும்பினேன். அவன்தான் கூப்பிட்டான்.

"அண்ணா! என்னண்ணா, எளைச்சுட்டீங்க?"

குசலம் விசாரித்தான். என் மகளைக் கேட்டான். அந்தத் தெலுங்கு அம்மாவைக் கேட்டான். பிறகு, "அண்ணா, அந்த நோட்டு இருக்குதா?" என்றான்.

"கேஸ் போடப் போறியாடா? போடு. நான் வந்து உள்ளதச் சொல்றேன்" என்றேன். ஒரு வருடம் கழித்து எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள்.

"அய்யோ நக்கோண்ணா. கேஸ் எல்லாம் எதுக்கு?" என்று கட்டைவிரலால் கன்னத்தைச் சொறிந்துகொண்டான். "ஆஸ்பத்திரில ஒரு சீட்டுக் குடுத்தாங்க. அதுல பாப்பாவோட அம்மா பேருதான் இருக்குது. பாப்பாவப் பத்தி வேற எங்கயும் ஒரு எழுத்து இல்ல. ஒங்க நோட்டுலதான் அசைஞ்சுது, உதைச்சுதுன்னு எல்லாம் எழுதியிருக்குது. கடைசி பதினோரு நாள் பொய்தான். ஹவ். ஆனா அதுக்கு முன்னாடி மாசக்கணக்கா நெஜமாவே உதைச்சுதில்ல? அந்தப் பக்கம் மட்டும் கெடச்சா வீட்ல வெச்சுக்குவோம்ணா."

பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. அவன் ஓடிப்போய் டோக்கன் கொடுத்துவிட்டு வந்தான்.

மறுநாள் ஆபீசில் போய்க் கேட்டேன். அது விசாரணைக் கோப்பு, வெளியே தர முடியாது, உங்களுக்கு எதற்கு என்றார்கள். எதற்கு என்று சொல்லப் போய், கேட்காத கேள்வி, பொய் டிக் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தைரியம் என்று நினைக்காதீர்கள். அவன் கேட்டதை வாங்கிக் கொடுக்க வேறு வழி தெரியாமல்தான் சொன்னேன். முடிந்துபோன விஷயம் என்று அவனுக்கு ஒன்றும் செய்யவில்லை. என்னை மட்டும் ஷிப்டிலிருந்து எடுத்து ஸ்டோர்ஸில் போட்டார்கள். பக்கங்களும் கிடைக்கவில்லை.

சரி, நோட்டு இல்லாவிட்டால் என்ன, ஜனங்கள் சொல்கிற வார்த்தையை மறக்காதவன் ஆயிற்றே நான், நினைவிலிருந்து எழுதிக் கொடுத்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளைத்தாளோடு உட்கார்ந்தேன். மத்தியானம்வரை உட்கார்ந்தேன். பாப்பா முதல் தடவை அசைந்தது. மாங்காய் சாப்பிட்டால் பாப்பா சும்மா இருக்கிறது. ஸ்கேனில் பாப்பா முகத்தைக் கையால் மூடிக்கொண்டது. பாப்பா உதைத்தது. நாலு வரி. மாதக்கணக்கில் அவன் நாள் தவறாமல் சொன்னதில் எனக்கு ஞாபகம் இருந்தது நாலே வரி.

கொண்டுபோய்க் கொடுத்தேன். இடது கையில் வாங்கிப் படித்தான். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தான்.

"இவ்ளோதானாண்ணா?"

நான் தலையை ஆட்டினேன்.

"சரிண்ணா" என்று நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போனான்.

மனசைத் திடப்படுத்திக்கொள்ள ஏதாவது வழி சொல்லுங்களேன் என்று இப்போதும் சிலர் என்னிடம் கேட்கிறார்கள், நான் ஒன்றும் சொல்வதில்லை. காலையில் பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஐந்தாவது வரி ஒன்று நினைவுக்கு வருமா என்று தேடுகிறேன், வருவதெல்லாம் அவன் எதிரில் நின்று சொல்லிக்கொண்டிருக்க நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தது மட்டும்தான்.